பத்தடி உயரக் குதிகால்

எக்ஸ்ரேக்காரருக்கு மனிதர்களின் முகம் மனதில் நிற்காது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் பதிலுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, அந்த ஆள் நாலு எட்டு நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்ப்பார். "அட, இடுப்புல நாலாவது எலும்பு!" என்று அப்போதுதான் பிடிபடும். இருபத்தாறு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில், ஜன்னல் இல்லாத ஒரே அறையில், ஊரின் பாதி எலும்புகளைப் படம் பிடித்தவர். "மூஞ்சி ஆயிரம் பொய் சொல்லும் சார், எலும்பு சொல்லாது" என்று நாளைக்கு மூன்று பேரிடமாவது சொல்லிவிடுவார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆடாதே, அசையாதே, மூச்சை இழுத்துப் பிடி என்று அவரிடம் அதட்டு வாங்கிய தலைகள். வெளியே வந்தால் கொஞ்சம் தாராளமாகவே ஆடும்.

வீட்டிலும் இதே ராஜ்ஜியம்தான். மகள் இரண்டு முறை இருமினால் நெஞ்சுப் படம். மாமனார் முனகிக்கொண்டு எழுந்தால் முதுகுப் படம். பரணில் கல்யாண ஆல்பம் ஒன்று, குடும்பத்தாரின் எலும்புப் பட உறைகள் ஒரு டிரங்குப் பெட்டி. மனைவி ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தாள். ஊரே டீச்சர் என்று கூப்பிட்டதால் அவரும் டீச்சர் என்றே கூப்பிட்டார். மகள் ஆறடி உயரம். கூடைப்பந்துக் குழுவில் அவளுக்கு ஏணி என்று பெயர். உயரம் அப்பாவிடமிருந்து வந்தது. பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்பதில் பெற்றவர்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஏணிக்கு வாழ்வா சாவா ஆட்டம். பெரிய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. இருபத்திரண்டு வயதோடு அந்தக் கதவு சாத்தப்படும். அவளுக்கு அடுத்த மாதம் இருபத்து மூன்று.

மூன்று வாரத்துக்கு முன்பு வலது பாதத்தின் வெளி ஓரம் வலிக்கிறது என்று சொன்னாள். படம் எடுத்தார். படத்தில் ஒன்றுமில்லை. ஆனால் சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கி ஓடும் எலும்பின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தியபோது 'ஸ்ஸ்' என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எக்ஸ்ரேக்காரருக்கு அது போதும். வருடக்கணக்கில் குதித்துக் குதித்து எலும்பு களைத்துப் போகும். மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பும். ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேயின் கண்ணில் படவே படாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது வெள்ளையாகத் தெரியும்.

"எம்.ஆர்.ஐ. பாக்காம நீ தரையை விட்டு ஒரு அங்குலம் எழும்பக் கூடாது" என்றார்.

"ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் டீச்சர், கேட்கிற மாதிரியே.

அவள் அப்படிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே தேர்வு நெருங்கும்போது ஏணிக்குக் கணுக்கால் பிசகியது. எக்ஸ்ரேக்காரர் படத்தில் ஒரு கோட்டைப் பார்த்தார். விரிசல் என்று தீர்ப்புச் சொல்லி, மகளைக் கட்டிலோடு கட்டிப்போட்டார். தேர்வு முடிந்துபோனது. பிறகு ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், அது எலும்புக்குள் ரத்தக்குழாய் போகும் பாதை, விரிசல் இல்லை என்று சொல்லிவிட்டார். 'பிறகு' என்றுதான் எக்ஸ்ரேக்காரர் வீட்டில் சொன்னார். "ஜாக்கிரதையா இருந்தது ஒரு தப்பா?" என்று கூடவே கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அதைத் தன் வெற்றி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இந்தத் தடவை கிளப்பே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் உடல் தகுதிச் சான்று கேட்டிருந்தது. வலி என்று சொன்னவர்களுக்குப் புதிதாகத் திறந்த ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எக்ஸ்ரேக்காரருக்கு அன்று டியூட்டி. டீச்சர் லீவு போட்டு மகளைக் கூட்டிப்போனாள். மூன்றாம் நாள் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. வாழ்நாளில் முதல் முறையாக, தன் சந்தேகம் பொய்யாகப் போனதற்காக எக்ஸ்ரேக்காரர் சந்தோஷப்பட்டார். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "நான்தான் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னேன்" என்ற வரியையும் விடாமல் சேர்த்துக்கொண்டார்.

*

ஆட்டத்துக்கு முன்பு, மதியம் ஒன்றரை மணிக்கு, உள்விளையாட்டரங்கின் கூட்ட அறையில் ஒரு கருத்தரங்கு ஏற்பாடாகியிருந்தது: 'கூடைப்பந்துக் காயங்களும் நவீனப் படமெடுப்பும்'. மேடையில் ஆறு நாற்காலி, அதில் ஐந்து காலி. பெற்றோர்கள், ஆட்டக்காரர்கள், பழைய ஆட்டக்காரர்கள் என்று இருநூறு பேர். எக்ஸ்ரேக்காரரும் டீச்சரும் மூன்றாவது வரிசை.

முதலில் கிளப் தலைவர் பேசினார். கூடைப்பந்து என்பது வெறும் பந்து மட்டுமல்ல, கூடையும் சேர்ந்ததுதான் என்றார். கைதட்டலுக்காக நிறுத்தினார். மைக்தான் ஒருமுறை கீச்சிட்டது. அதையே ஆமோதிப்பாக ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்து ஸ்போர்ட்ஸ் டாக்டர். அவருடைய பட்டங்களை அறிவிப்பாளர் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது வரிசையில் ஒரு குழந்தை தூங்கிவிட்டது. டாக்டர் விளக்கை அணைக்கச் சொன்னார். பத்தடித் திரையில் ஒரு கணுக்கால் எழுந்தது.

"கூடைப்பந்துல முதல் எதிரி யாரு? எதிரணியா? இல்ல. அடுத்தவன் பாதம்! குதிச்சு இறங்கும்போது அது மேல மிதிச்சா கணுக்கால் உள்பக்கமா மடங்கும். எலும்பு உடஞ்சிருக்கான்னு பார்க்க எக்ஸ்ரே. ஜவ்வு கிழிஞ்சிருக்கான்னு எக்ஸ்ரே சொல்லாது. பாவம், அது பழைய காலத்து ஆளு."

சிரிப்பு. எக்ஸ்ரேக்காரர் சிரிக்கவில்லை.

முழங்கால் வந்தது. ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது நடு ஜவ்வு அறுந்தால் எம்.ஆர்.ஐ.யில் எப்படி இருக்கும் என்று காட்டினார். முறுக்குப் பிரிந்த கயிறு மாதிரி இருந்தது. அதிகம் குதிப்பவர்களுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வரும் வீக்கத்தை அல்ட்ராசவுண்டில் காட்டினார். பந்து மோதி மடங்கிய விரல், அதில் அரிசி முனையளவு பெயர்ந்த எலும்பு. எக்ஸ்ரேக்காரர் ஒவ்வொன்றுக்கும் டாக்டருக்கு முன்பே விடையை டீச்சர் காதில் முணுமுணுத்து, தன் தேர்ச்சியைத் தானே மெச்சிக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒரு நல்ல செய்தி. இது நம்ம வீராங்கனை ஒருத்தரோட பாதம். இன்னிக்கு ஆடப் போறவங்க. பேர் சொல்ல மாட்டேன்..." என்று டாக்டர் கண்ணடித்தார். "ரொம்ப உயரமானவங்கன்னு மட்டும் சொல்றேன்."

கூட்டம் எக்ஸ்ரேக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

திரையில் ஒரு பாதம் பக்கவாட்டில் விரிந்தது. பத்தடி உயரக் குதிகால்.

"வெளி ஓர எலும்பப் பாருங்க, எவ்வளவு சுத்தம்! இந்தக் குதிகால்ல கறுப்பா ஒரு புள்ளி தெரியுதே, பயப்படாதீங்க, அதுக்கு எலும்புத் தீவுன்னு பேரு. சில பேருக்கு இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ஆனா இங்க கவனிங்க. அடிப்பாதத்துல இந்தப் பட்டை தடிச்சிருக்கு பாருங்க. இது சும்மா வராது. பத்து வருஷம் குதிச்சாதான் வரும். இது ஒரு விளையாட்டு வீராங்கனையோட பாதம்னு யாரும் சொல்லாமலே நான் சொல்லுவேன்!"

கைதட்டல்.

எக்ஸ்ரேக்காரரின் கைகள் காலரிலேயே நின்றுவிட்டன. மிளகளவுப் புள்ளி. வலது குதிகால், பின்பக்கம், மேலோரத்திலிருந்து ஒரு விரல் கீழே. படத்தின் ஓரத்தில் அளவுகோல் ஓடியது. எண்ணினார். குதியிலிருந்து விரல் நுனிவரை இருபத்திரண்டு சென்டிமீட்டர். ஏணிக்குப் பெண்கள் கடையில் செருப்பே கிடைக்காது. அவள் பாதம் இருபத்தேழு.

"டீச்சர்."

"படத்தப் பாருங்க."

"படத்தத்தான் பாக்கறேன். இது யாரு கால்?"

"அதான் டாக்டர் சொல்றாரே."

"கல்யாணமான மறு வருஷம் மாடிப்படியில வழுக்கி விழுந்து எங்கிட்ட வந்தே. குதிகால்ல ஒரு தீவு இருக்குன்னு நான்தான் உனக்குச் சொன்னேன். ஒரு மாசம் உன்னத் தீவு தீவுன்னு கூப்பிட்டேன்."

உண்மையில் அவர் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே கவிதை அதுதான். டீச்சர் இருட்டில் திரையை நிமிர்ந்து பார்த்தாள். கரும்பலகை முன்னால் இருபது வருடம் நின்று தேய்ந்த குதிகால், இருநூறு பேர் கைதட்ட, பத்தடி உயரத்தில் நின்றது.

"நல்லாப் பெரிசாத்தான் போட்டிருக்காங்க" என்றாள்.

எக்ஸ்ரேக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "எப்படி?"

"எப்படின்னா? அவ பேரக் கூப்பிட்டாங்க, நான் எழுந்து போனேன். காலை நீட்டுங்கன்னாங்க, நீட்டினேன். தலை வெளியதான இருக்கு, கால்தான உள்ள போகுது? ஒரே ஒருத்தன் பேப்பரையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தான். இருபத்திரண்டான்னு கேட்டான். ரொம்பப் படிப்பு தம்பி, அதான் முடி நரைச்சிருச்சுன்னேன். பாவம்க்கா, ரெஸ்ட் எடுங்கன்னான்."

"சிரிப்பு வருதா உனக்கு? அவ எலும்பு உடஞ்சா?"

"நீங்க எடுத்த படத்துல ஒண்ணும் இல்லன்னு நீங்களே சொன்னீங்க."

"அதுக்குத்தான எம்.ஆர்.ஐ.! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்ன முட்டாளாக்கிட்டீங்களே. மூணு வாரமா ஒரே தட்டுல சோறு போட்டுக்கிட்டு..."

முன் வரிசைக்காரர் திரும்பி 'உஷ்' என்றார். திரையில் டீச்சரின் குதிகால் போய், டாக்டரின் கைபேசி எண் வந்தது.

டீச்சர் குரலை இன்னும் தாழ்த்தினாள். வகுப்பில் அவள் குரல் தாழ்ந்தால் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி பெரிய டாக்டர் விரிசல் இல்லன்னு எப்ப எழுதிக் குடுத்தாரு?"

"அது... பிறகு..."

"மறுநாளே குடுத்தாரு. தேதி போட்டுக் குடுத்தாரு. தேர்வுக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு. அந்தத் தாளை நாலு நாளும் உங்க டிபன் பையில, அடித் துணிக்குக் கீழ மடிச்சு வச்சிருந்தீங்க. ஏங்க, டப்பாவக் கழுவறவ யாருன்னு ஒரு நிமிஷம் யோசிக்க வேணாமா?"

விளக்கு போட்டார்கள். எக்ஸ்ரேக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

அந்த நாலு நாளை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சரியாகச் சொல்லிக்கொண்டதில்லை. நாளைக்குச் சொல்லலாம், வீக்கம் வடியட்டும், எப்படியும் கால் முழுசாகச் சரியாகவில்லையே என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் டிபன் பையோடு கூடவே போய் வந்தது. இருபத்தாறு வருடக் கண் ஒரு ரத்தக்குழாயை விரிசல் என்று சொல்லிவிட்டது என்பதுதான் காரணம். மற்றதெல்லாம் அதன் மேல் போட்ட துணி.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"மூணு வாரம் முன்னாடி சொன்னேன்" என்றாள் டீச்சர். "நீங்க ஸ்கேன் எடுக்கணும்னு குதிச்ச அன்னிக்கு. எந்தப் படத்த எடுத்தாலும் அப்பா அதுல ஒண்ணு கண்டுபிடிப்பாரும்மா, உன் காலே வேணாம்னு சொன்னதும் நான்தான்."

*

எக்ஸ்ரேக்காரர் ஆடுகளத்துக்கு இறங்கியபோது இரண்டே முக்கால். தரை மெழுகு வாசனை. ஏணி ஓரமாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோச். அவர் பக்கத்தில், கைதட்டலின் சூடு இன்னும் ஆறாத முகத்தோடு ஸ்போர்ட்ஸ் டாக்டர்.

"வாங்க சார்! பொண்ணு பாதத்தப் பாத்தீங்களா? பெத்தவருக்குப் பெருமையா இருக்கணுமே?"

"டாக்டர், அது என் பொண்ணு பாதம் இல்ல. என் வீட்டுக்காரி பாதம்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கோச்சின் தோளைத் தட்டினார். "சாருக்கு நல்ல காமெடி வருது."

"நெஜமாத்தான் சொல்றேன். படத்து ஓரத்துல அளவு போட்டிருந்துச்சே, இருபத்திரண்டு சென்டிமீட்டர். இவ ஷூவப் பாருங்க."

டாக்டர் ஷூவைப் பார்த்தார். படகு மாதிரி இருந்தது. ஒரு விநாடி அவர் முகத்தில் ஏதோ நழுவியது. மேலே அரங்கில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அவர் ஓர் ஆரம்பப் பள்ளி டீச்சரின் குதிகாலைக் காட்டி, பத்து வருடம் குதித்த பாதம் என்று அரைமணி நேரத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தார். நழுவியதை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஸ்லைடுல போடும்போது படம் சுருங்கியிருக்கும் சார்."

"படம் சுருங்கினா கூடவே அளவுகோலும் சுருங்கும் டாக்டர். எண்ணிக்கை அதேதான் வரும்."

"சார்..." டாக்டர் பொறுமையின் திருவுருவமானார். "நீங்க படம் எடுக்கறவரு. படிக்கறது எங்க வேலை. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தா நல்லது."

கோச் குழப்பத்தோடு ஏணியைப் பார்த்தார். "என்னம்மா, அப்பா சொல்றது?"

ஏணி பந்தைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னாள். ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை.

"அப்பா கொஞ்சம் பயந்த சுபாவம் சார். ரெண்டு வருஷம் முன்னாடியும் இல்லாத விரிசலப் பாத்தாரே, ஞாபகம் இல்ல?"

கோச்சுக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

எக்ஸ்ரேக்காரர் மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைவிட இரண்டு விரல் உயரம் என்பது இத்தனை நாள் உறைத்ததில்லை. "ஷூவக் கழட்டு" என்றார். "ஒரே ஒரு தடவ அழுத்தறேன். வலிக்கலைன்னா நான் போய் மேல உக்காந்துக்கறேன்."

அவள் பந்தைக் கோச்சிடம் கொடுத்தாள். வலது ஷூவைக் கழற்றி, காலைப் பெஞ்சின் மேல் வைத்தாள். எக்ஸ்ரேக்காரர் மண்டி போட்டார். காலுறையின் மேல், வெளி ஓரத்தில், அந்த இடத்தைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்து அழுத்தினார்.

ஏணியின் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்து எழுந்த சலனம்கூட இல்லை. கோச்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் காலுறைக்குள் ஐந்து விரல்களும் கீழ்நோக்கிச் சுருண்டு பெஞ்சைப் பற்றின. கெண்டைக்கால் கல்லாக இறுகியது. அது அவர் கைக்கு மட்டும் தெரிந்தது. கையை எடுக்கும்வரை விரல்கள் விரியவில்லை.

"பாத்தீங்களா சார்?" என்று கோச்சிடம் சொன்னாள்.

"ஓகேதானே சார்?" என்று கோச் எக்ஸ்ரேக்காரரிடம் கேட்டார்.

"வலிக்குது. மறைக்கறா" என்றார் அவர். அவர் காதுக்கே அது ஓர் அற்பப் புகார் மாதிரிதான் கேட்டது. விசில் ஊதிவிட்டார்கள். ஏணி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு ஓடினாள்.

*

ஆட்டம் முழுக்க எக்ஸ்ரேக்காரர் பந்தைப் பார்க்கவில்லை. ஒரு ஷூவை மட்டும் பார்த்தார். ஏணி அன்று ஆடியதைப் பற்றிப் பிறகு பலரும் அவரிடம் புகழ்ந்து சொன்னார்கள். அவர் கண்ட ஆட்டத்தில் ஒரு வலது கால் நாற்பத்தொன்பது முறை குதித்து நாற்பத்தெட்டு முறை ஒழுங்காக இறங்கியது. டீச்சர் பக்கத்தில் இருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியும் அதன் மேல் அவள் கைப்பையும் இருந்தன.

நாற்பத்தொன்பதாவது முறை யாரும் அவள் மேல் மோதவில்லை, யார் காலையும் அவள் மிதிக்கவில்லை. திரும்புவதற்காகப் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றினாள், அவ்வளவுதான். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். மேலே கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் எக்ஸ்ரேக்காரருக்குக் கேட்டது. ஏணி தரையில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. மேலே பார்க்கவும் இல்லை.

டாக்டர் ஸ்பிரேயோடு ஓடினார். தடவிப் பார்த்துவிட்டு, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அறிவித்தார்: "புது முறிவு! இப்ப இந்த நிமிஷம் ஆனது. எம்.ஆர்.ஐ. அவ்வளவு சுத்தமா இருந்துச்சே!" பரிந்துரைச் சீட்டிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டங்களை எழுத இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதினார்.

ஆறு மணிக்கு ஜன்னல் இல்லாத அந்த அறையில், மேஜை மேல் ஏணியின் கால் கிடந்தது. டியூட்டியில் இருந்தவர் தானே எடுக்கிறேன் என்றார். எக்ஸ்ரேக்காரர் வேண்டாம் என்று சொல்லி அவரை வெளியே அனுப்பினார். ஈய ஏப்ரனை மாட்டினார். தன் எண் பொறித்த ஈய வில்லையை எடுத்து வலது பக்கம் என்று குறிப்பதற்காகப் படத்தட்டின் ஓரத்தில் ஒட்டினார். பிறகு, இருபத்தாறு வருடமாக எல்லோரிடமும் கேட்ட கேள்வியைக் கேட்டார்.

"பேரு?"

"அப்பா..."

"பேரச் சொல்லு."

அவள் தன் பெயரைச் சொன்னாள்.

"பொறந்த தேதி?"

சொன்னாள். குரல் உடைந்தது. அவர் சீட்டோடு ஒப்பிட்டு டிக் போட்டார்.

"எந்தக் கால்?"

"தெரியலையாப்பா உங்களுக்கு?"

"கேக்கணும்னு விதி. கேக்காத எடத்துலதான் நீங்க போய்ட்டு வந்துட்டீங்க."

"வலது" என்றாள்.

படம் திரையில் வந்தது. எலும்பின் குறுக்கே ஒரு கோடு. இந்தத் தடவை யாருக்கும் சந்தேகம் வராத கோடு. எக்ஸ்ரேக்காரர் கிட்டே போய்ப் பார்த்தார். கோட்டின் இரண்டு கரையும் தடித்து வெளுத்திருந்தன. இன்று உடைந்த எலும்புக்கு அப்படி இருக்காது. வாரக்கணக்கில் தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளப் பார்த்துத் தோற்றுப்போன எலும்புக்குத்தான் அப்படி இருக்கும். புது முறிவென்று நினைத்தால் ஆபரேஷன் டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புவார். பழைய விரிசல் முற்றி முறிந்தது என்று தெரிந்தால்தான் உள்ளே ஸ்குரூ வைப்பார். இதற்கு வெறும் கட்டு மட்டும் போட்டால், கூடுவது சந்தேகம். அவள் மறுபடி குதிப்பதும் சந்தேகம்.

படிவத்தில் 'முந்தைய படங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. டாக்டரின் சீட்டில் 'எம்.ஆர்.ஐ. இயல்பு' என்றிருந்தது. அதை அப்படியே பார்த்து எழுதிவிடுவதுதான் வழக்கம்.

"என்ன எழுதப் போறீங்க?" என்றாள் ஏணி.

அவர் எழுதினார்: 'மேற்படி எம்.ஆர்.ஐ. நோயாளியுடையது அல்ல. நோயாளியின் தாயாருடையது. நோயாளிக்கு மூன்று வாரத்துக்கு மேலாக வலி.'

அவள் தலையைத் தூக்கிப் படித்தாள். "கிளப்புக்குப் போயிரும்பா இது. என்ன எந்த டீம்லயும் சேக்க மாட்டாங்க. அம்மா ஸ்கூல்ல தெரிஞ்சா... அம்மாவையுமா மாட்டி விடுவீங்க?"

"ஸ்குரூ வைக்கணும். எழுதலைன்னா வைக்க மாட்டாங்க."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கால் மட்டும் அவர் வைத்த இடத்திலேயே, அவர் வைத்த கோணத்திலேயே இருந்தது.

தாழ்வாரத்துப் பெஞ்சில் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரேக்காரர் படிவத்தை அவளிடம் நீட்டினார். "நீ படிச்சப்புறம்தான் குடுக்கப் போறேன். பையில வைக்கல."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் படிப்பதுபோல விரலை வரிக்கு அடியில் ஓட்டிப் படித்தாள். 'தாயாருடையது' என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. முழுதும் படித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் சரிதான். பாதிதான் இருக்கு."

"எது பாதி?"

"நான் ஏன் போய் காலை நீட்டினேன்னு யாராவது கேப்பாங்கல்ல? அந்த நாலு நாளையும் எழுதுங்க."

"அதுக்கு இதுல கட்டம் இல்ல."

டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். உள்ளே மேஜை கிறீச்சிட்டது. ஏணி அசைந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் "அசையாதே" என்று சொல்ல வாய் திறந்தவர், சொல்லாமல் மூடிக்கொண்டார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சட்டைப் பையைத் தடவினார். பேனாவை உள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தார். மறுபடி உள்ளே போக அவருக்குக் கால் வரவில்லை.

"பேனா இருக்கா?"

டீச்சர் பையைத் துழாவினாள். "செவப்புதான் இருக்கு."

"குடு" என்றார்.